கவர்னர் செய்ததும் கிட்டுசாமி ஒப்புக்கொண்டதும்

இனிமேல் இந்த வீட்டில் என்ன தப்பு நடந்தாலும் அதைச் செய்தது நான்தான் என்று கிட்டுசாமி ஒரு தீர்மானம் போட்டார். அறுபத்துநாலாம் வருஷம், ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலை. கையில் தரை துடைத்த ஈரச் சாக்கு. அதுவரை பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அவர் ஒரு தப்பையும் ஒப்புக்கொண்டதில்லை. ஒப்புக்கொள்ள அவகாசம் கிடைத்தால்தானே? அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி மயிலாள் தீர்ப்பு எழுதி முடித்திருப்பாள்.

தீர்மானத்துக்குக் காரணம் கவர்னர். கவர்னர் என்றதும் எழுந்து நிற்க வேண்டாம், நாய்தான். குட்டியாக வந்த அன்றைக்கு, வைத்த பாலை உடனே குடிக்காமல், கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்வையிட்டுவிட்டு வந்து குடித்தது. அதனால் வந்த பெயர்.

திருப்பூரில் அப்போது பாதிப் பனியன் கம்பெனிகள் வீட்டோடுதான் இருந்தன. கிட்டுசாமியின் கம்பெனியும் அப்படியே. பக்கத்துச் சாளைக் கொட்டகையில் நாலு மிஷின், முன்கூடத்தில் கட்டிங் மேஜை, சமையலறை வாசல்வரை துணி. ரசத்தில் பஞ்சு மிதக்காத நாள் விசேஷ நாள். வெளுத்த துணியை நொய்யல் கரை மேட்டில் தரையோடு தரையாக விரித்துக் காயப்போடுவார்கள். ஆற்றில் தண்ணீர் தண்ணீராகவே ஓடிய காலம் அது. அந்த மேட்டில் பத்து வருஷம் காவல் கிடந்தது கவர்னர்தான். ஆடு வந்தால் விரட்டும், காக்காய் இறங்கினால் விரட்டும். ஆனால் இரண்டு துணிக்கு நடுவே விட்ட ஒரு முழ வழியில்தான் ஓடும். ஒரு நாள்கூடத் துணிமேல் கால் வைத்ததில்லை. யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. பொழுது சாயத் துணியை மடித்து ஏற்றியதும், கிட்டுசாமியின் சைக்கிளை முந்திக்கொண்டு ஓடி, அவர் வருகிறார் என்று மயிலாளிடம் குரைத்துச் சொல்லிவிடும்.

இப்போது அதற்குப் பதினாலு வயது. சுவரைப் பார்த்துக் குரைத்தது. தின்று வாய் காய்வதற்குள் வட்டிலை உருட்டி மறுபடியும் சோறு கேட்டது. வெளியே போக வேண்டுமென்றால், கதவு திறக்கிற பக்கத்தை விட்டுவிட்டுக் கீல் பக்கம் போய் நின்று, ஏன் திறக்கவில்லை என்று கதவை முறைத்தது. மூலையில் முட்டிக்கொண்டால் பின்னால் வரத் தெரியாமல் அங்கேயே நின்றது. ஒரு நாள் கிட்டுசாமி சைக்கிளைவிட்டு இறங்கியபோது, யாரோ திருடன் என்று அவரையே பார்த்து உறுமியது. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மயிலாளிடம் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்தார்.

வியாழக்கிழமை அது கூடத்தில் அடுக்கியிருந்த துணியை நனைத்துவிட்டது. மயிலாள் இடுப்பில் கையை வைத்தாள்.

“ஏனுங்க, இது மெட்ராஸ் போற சரக்கு. இனியொருக்கா துணி நனைஞ்சுதுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன். நனைச்சது ஆரா இருந்தாலுஞ் செரி, சோமனூர்ல எங்கண்ணன் தோட்டத்துக்கு வண்டி ஏத்தி உட்ருவேன்.”

“ஆரா இருந்தாலும்னா? இந்த ஊட்டுல நனைக்கறதுக்கு வேற ஆரு புள்ள இருக்கறா?”

“அதையேதானுங்க நானுஞ் சொல்றேன்.”

மச்சான் ஈஸ்வரமூர்த்தியின் தோட்டத்தில் ஏற்கெனவே ஆறு நாய்கள். ஆறும் போக்கிரிகள். கண் மங்கி, வழி மறந்த கிழம் அங்கே ஒரு வாரம் தாங்காது. கிட்டுசாமிக்கு அது நன்றாகத் தெரியும். மறுநாளே துணி மறுபடியும் நனைந்திருந்தது. ஈரச் சாக்கோடு அவர் தீர்மானம் போட்டது அப்போதுதான்.

“இது எப்பிடீங்க நனைஞ்சுது?” என்றாள் மயிலாள்.

“நான்தான். சொம்புத் தண்ணி கை தவறிருச்சு.”

அவள் குனிந்து மோந்து பார்த்தாள். “தண்ணியா?”

“மோரு.”

“மோரா?”

“நேத்து மோரு புள்ள.”

“கை நடுங்குதுங்களா?” அவள் குரலில் அப்படியொரு கரிசனம். “எல்லாம் காப்பி பண்ற வேலைங்க. நாளையிலிருந்து காப்பி வேண்டாம். ராகிக் கஞ்சி காச்சித் தர்றேன். செரி, ஒருக்கான்னு உட்டர்றேன்.”

காப்பி போனால் போகட்டும், கவர்னர் தப்பித்தது. சனிக்கிழமை விசாரணை வேறு மாதிரி வந்தது.

“விடியறப்ப ஆருங்க குலைச்சது?”

“குலைக்கலை. நான்தான் இருமினேன்.”

“நாலு தடவ குலைச்சாப்பல கேட்டுது.”

“நாலு தடவ இருமினேன்.”

“கடேசீல ஊளையும் உட்டீங்களே?”

“சளி கட்டிக்கிச்சு.”

திப்பிலிக் கஷாயம் வந்தது. காலையும் மாலையும், ஒரு பெரிய டம்ளர். அதன் காரம் இறங்குவதற்குள் அம்மனுக்குப் படைக்கச் சுட்டு வைத்திருந்த வெல்லக் கச்சாயம் காணாமல் போயிற்று.

“இருபத்திரண்டையுமா தின்னீங்க?”

“பசி.”

“வட்டிலை இப்பிடி நக்கி வெச்சிருக்கறீங்க?”

“நீ சுட்டதாச்சே, ருசி.”

மயிலாளின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. மறுகணம் விளக்கெண்ணெய்ச் சீசா வந்துவிட்டது. அதற்கடுத்த வாரம், இத்தனை சீக்கு உள்ள மனுஷன் பொழுதோடு சீட்டாடப் போகக் கூடாது என்று கிளப்புக்கும் தடை விழுந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கெஞ்சியும் நடக்காத காரியம் அது. சாயங்காலம் ஐந்து மணிக்கே வீட்டில் இருக்கும் கிட்டுசாமியைப் பார்த்துத் தெருவே அதிசயப்பட்டது. செய்வதற்கு வேறு வேலை இல்லாமல் அவர் கவர்னரைக் கூட்டிக்கொண்டு நடந்தார். கீல் பக்கம் போய் நிற்கும் அதன் கழுத்தைப் பிடித்து மெதுவாகத் திருப்பி, “இக்கட்டால கண்ணு, இக்கட்டால” என்பார். ஆறு தப்படிக்கு ஒரு தரம் நின்று மோந்து பார்த்துவிட்டு அது வரும். அவசரம் இல்லாமல் ஒரு தெருவை நடந்து கடப்பதில் இத்தனை சுகம் இருக்கிறதென்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தக் குழாய்த் துணி வரும்வரை.

பனியன் துணி மிஷினிலிருந்து குழாயாகத்தான் இறங்கும். கழுத்தும் கையும் வெட்டாத, முப்பது கெஜ நீளத்துக்கு ஒரே பனியன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வெளுத்து வந்த ஒன்று கூடத்தில் நீளவாக்கில் கிடந்தது. கிட்டுசாமி பல் விளக்கிவிட்டு வந்து பார்த்தால் கவர்னரைக் காணோம். துணி மட்டும் நடந்துகொண்டிருந்தது.

பின்னால் வரத் தெரியாத நாய் அல்லவா, முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. இன்னும் இருபத்தெட்டு கெஜம் பாக்கி. கூப்பிட்டார். குரல் எந்தப் பக்கம் என்று புரியாமல் நின்று முனகியது. வெட்டிவிடலாம் என்றால் மெட்ராஸ் சரக்கு. வீட்டின் பின்னால் பொடக்காளியில் மயிலாள் பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது. எட்டு மணிச் சங்கு ஊதினால் ஆட்கள் வந்துவிடுவார்கள். கிட்டுசாமி முருகனை வேண்டிக்கொண்டு துணிக்குள் தலையை விட்டார்.

தலை போயிற்று. தோள் போயிற்று. வயிறு யோசித்தது. மூச்சை இழுத்துப் பிடித்ததும் அதுவும் போயிற்று. ஆனால் மூச்சை விட்டதும் துணி சிக்கென்று பிடித்துக்கொண்டது. இனி முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. நாயின் பின்னங்கால் ஒன்று கைக்கு அகப்பட்ட நேரத்தில் சங்கு ஊதியது. கட்டிங் மாஸ்டர் ராஜா முகமது உள்ளே வந்தார். துணிக்கு வெளியே வேட்டி கட்டிய இரண்டு கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன.

“மொதலாளி?”

“சத்தம் போடாதீங்க மாஸ்டர்.”

“உள்ள என்னங்க பண்றீங்க?”

“துணீல ஓட்டை இருக்குதான்னு பாக்கறேன்.”

“வெளிய இருந்து பாத்தா ஆகாதுங்களா?”

“உள்ள இருந்து பாத்தாத்தானுங்க வெளிச்சந் தெரியும்.”

பன்னிரண்டு வருஷமாகத் துணி வெட்டுகிற ராஜா முகமதுவுக்கு அது நியாயமாகவே பட்டது. அதற்குள் துணி உறுமியது. மயிலாள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

“உள்ள ஆருங்க உறுமறது?”

“வயிறு” என்றது துணி.

“துணி உள்பக்கமா நனைஞ்சிருக்குதுங்களே?”

“வேர்வை.”

மயிலாள் அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். ராஜா முகமது மறுமுனைக்கு ஓடி, காலுறையைச் சுருட்டுவதுபோலத் துணியை மளமளவென்று சுருட்டிக்கொண்டே வந்தார். முதலில் கவர்னரின் மூக்கு வெளியே வந்தது. பிறகு முதலாளியின் மூக்கு.

“நான் ஒண்ணும் பாக்கலைங்க” என்றார் ராஜா முகமது. கண்ணில் நீர் வர அடக்கிய சிரிப்போடு கத்திரியைத் தேடப் போனார்.

மயிலாள் திட்டியிருந்தால் கிட்டுசாமி நிம்மதியாக இருந்திருப்பார். அவள் திட்டவில்லை. இரண்டு நாள் கழித்து, திங்கட்கிழமை காலை வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. மச்சான் ஈஸ்வரமூர்த்தி இறங்கினார்.

கிட்டுசாமி ஓடிப் போய் வாசலை மறித்து நின்றார். “மச்சான், அது ஒண்ணுமே பண்ணலீங்க. வாயில்லாத சீவன். எல்லாம் நான்தான் பண்ணினேன்.”

“அதைத்தானுங்க மாப்ள மயிலாளும் சொல்லி உட்டிருந்தா” என்றார் ஈஸ்வரமூர்த்தி. “உங்களைத்தான் ஏத்தியாரச் சொன்னா.”

அப்போதுதான் கிட்டுசாமி வண்டியைப் பார்த்தார். வைக்கோல் பரப்பி, மெத்தை விரித்து, தலையணைகூடப் போட்டிருந்தது. மயிலாள் பையோடு வந்தாள்.

“துணியை நனைச்சது நீங்க. ஊளை உட்டது நீங்க. கச்சாயத்தைத் தின்னது நீங்க. ஆரா இருந்தாலுந் தோட்டத்துக்குத்தான்னு நான் அன்னைக்கே சொன்னேனுங்களே. பத்து நாள் காத்தாட இருந்துட்டு வாங்க. நாயி மேல ஒரு குத்தமும் இல்லை, அது இங்கயே இருக்கட்டும்.”

ஒரு வார்த்தை உண்மை சொன்னால் போதும், அவர் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த மெத்தைமேல் கவர்னர் ஏறிவிடும். கிட்டுசாமி திரும்பிப் பார்த்தார். உள்ளே அது மூலையில் முட்டிக்கொண்டு, யாராவது வந்து திருப்பிவிட மாட்டார்களா என்று நின்றிருந்தது. அவர் போய்த் திருப்பிவிட்டார். தலையைத் தடவினார். பிறகு வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

ஏறினாரே தவிர வாய் நிற்கவில்லை.

“மயிலா, சோத்தைக் குழையப் பிசைஞ்சு வெய்யி. ரெண்டாந் தடவ கேட்டா நாலு உருண்டை போடு, வையாதே. வெடியறதுக்கு முன்ன ஒருக்கா வெளிய கூட்டிட்டுப் போகோணும். கண்ணு தெரியறதில்லை, பின்னால இருந்து தொடாதே, பயந்துக்கும். உறுமுச்சுன்னா கோவிச்சுக்காதே புள்ள, ஆருன்னு தெரியாமத்தான் உறுமுது. மறந்துபோனதுக்கு அதென்ன பண்ணும்...”

மயிலாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கத்தான் பொத்தினாள், ஆனால் கண்ணும் நிறைந்துவிட்டது.

“இத்தனையும் நீங்க பண்றதைத் தெனமும் சன்னல்ல நின்னு பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன். பதினாலு வருசம் சோறு போட்டவ, அதை அனுப்ப எனக்கு மட்டும் மனசு வருமா?”

“அப்புறம் என்னத்துக்குப் புள்ள கஷாயம், விளக்கெண்ணெய், வண்டி எல்லாம்?”

“கட்டுன நாளாப் பிடிச்சு உங்க வாயில ஒருக்காவாச்சும் ‘நான்தான் பண்ணினேன்’னு கேக்கோணும்னு இருந்தனுங்க. கேட்டுக் கேட்டு ருசி கண்டுபோச்சு, உட மனசில்லை.” மயிலாள் பையைக் கீழே வைத்துவிட்டு, வாசல் மூலையில் இருந்த ஈரச் சாக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். “செரி, வெரசா எறங்குங்க. கூடத்துல அது மறுபடியும் பண்ணி வெச்சிருக்குது. இந்தத் தடவ நான்தான்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க, அண்ணன் நிக்கறாரு.”