நடிகை கல்யாணத்தில் இங்ஙனம் ஐயா

நடிகையின் கல்யாணச் செய்திக்குக் கீழே, "கனம் ஆசிரியர் அவர்கட்கு, எங்கள் தோட்டத்துப் பாலம் தொடர்பாக" என்று எழுதிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கொட்டகலையில்தான் இருக்கிறார்.

தேயிலைத் தோட்டத்தில் ஓய்வுபெற்ற கங்காணி. பத்திரிகைக்கு எழுதும் கடிதங்களை 'இங்ஙனம்' என்று முடித்துக் கையெழுத்திடுவார். அதுவே பெயராகிவிட்டது. வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் அவர் மனைவியே, "இங்ஙனம் இன்னும் குளிக்கலீங்க" என்பார்.

போன வருஷம் அந்தப் பத்திரிகை அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனது. ஐயா மூச்சு வாங்க, போனும் இணையமும் வைத்திருக்கும் என் கம்யூனிகேஷன் கடைக்கு வந்தார்.

"தம்பி, பத்திரிகைய மூடிட்டாங்களாமே?"

"மூடலீங்க. போனுக்குள்ள போயிருச்சு."

"அப்ப என் கடிதம்?"

"ஒவ்வொரு செய்திக்குக் கீழயும் கருத்து எழுத எடம் இருக்குங்க."

"ஒவ்வொரு செய்திக்குக் கீழயுமா!"

நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. அன்றிலிருந்து அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். கிரிக்கெட், ராசிபலன், தங்க விலை, எதற்குக் கீழேயும் பாலம்தான். அதில் நாலு பலகை இல்லை. பிள்ளைகள் ஆற்றுக்கு மேலே தாவித் தாவித்தான் பள்ளிக்கூடம் போனார்கள். அனுப்பியதும் ஐயா கேட்பார்: "முத்திரை ஒட்டலியே, போய்ச் சேருமா?"

நடிகை கல்யாணத்தில்தான் வம்பு வந்தது. எவனோ ஒருவன், "பெருசு, போய்த் தூங்கு" என்று பதில் போட்டிருந்தான். ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"இவரு விலாசம் எழுதலியே தம்பி" என்றார். எழுந்து போனவர் அப்புறம் வரவேயில்லை.

ஒரு வாரம் கழித்து, அதே கல்யாணச் செய்திக்குக் கீழே 'மலைச்சாரல்' என்ற பெயரில் ஒரு கேள்வி: "பாலத்து ஐயாவைக் காணோமே?" கினிகத்தேனையிலிருந்து ஒருவர் அதையே கேட்டார். கட்டாரிலிருந்து ஒருவர் கேட்டார். மணமக்களை வாழ்த்த வந்த ரசிகர்களும் வாழ்த்தை விட்டுவிட்டு, "பலகை போட்டாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். யார் காதில் விழுந்ததோ, இரண்டே வாரத்தில் பலகைகள் லொறியில் வந்து இறங்கின.

ஐயா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். எல்லாவற்றையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"மொதல்ல கேட்டது யாரு, இந்த மலைச்சாரல்?"

"தெரியலீங்க."

"நல்ல மனுசரு. அவருக்குத் தனியா நன்றி எழுதணும். தட்டுங்க தம்பி."

'அன்புள்ள மலைச்சாரல் அவர்கட்கு' என்று அவர் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, எனக்கு வந்த கடிதத்தை நானே தட்டினேன்.