வடையில் விரிந்த கடல்

பளைச் சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் கமலாட்சிக்கு நான் நாலாயிரத்து இருநூற்றைம்பது ரூபா கடன்பட்டிருந்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டு, பழஞ்சைக்கிளில் மீன் விற்று, இன்று இரண்டு லொறியும் ஐஸ் கிடங்கும் வைத்திருக்கிற நான், வடைக்குக் கடன்காரனா? அதற்குக் காரணம் ஓர் இனம். அதன் பெயர் கடல் நிபுணர்.

நீங்களும் கண்டிருப்பீர்கள். கடலில் கால் நனைத்திருக்கமாட்டார். ஆனால் எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்துக்கு ஏன் வருகிறது, கடலட்டைப் பண்ணைக்குப் பின்னால் எந்த நாடு நிற்கிறது, இழுவைப்படகுகள் அடிக்கடலை வழித்துக்கொண்டு போவதைப் பற்றி டில்லி என்ன நினைக்கிறது, கடலை நிரப்பிக் கட்டுகிற கோபுரங்களில் யார் குடியேறப்போகிறார்கள், அவ்வளவையும் தேத்தண்ணி ஆறுமுன் சொல்லி முடிப்பார். தேத்தண்ணி அவருடையதல்ல.

எங்கள் கடைக்கு வாய்த்தவர் ஜனகன். வந்ததும் மேசையில் தண்ணீரை ஊற்றுவார். அது கடல்.

"அண்ணை, இஞ்ச பாருங்கோ. இந்த உழுந்து வடை இந்தியா. ரோல்ஸ் சீனா. நடுவில கிடக்கிற பருப்பு வடை நாங்கள்."

"எங்களை ஏன் தம்பி இவ்வளவு சின்னனாய் வைச்சிருக்கிறாய்?"

"அதுதான் அண்ணை பிரச்சினையே."

விளக்கம் முடிகையில் இந்தியாவைத் தின்பார், சீனாவைத் தின்பார், விரலை நக்கிவிட்டு எங்களையும் வாயில் போடுவார். பிறகு, "உங்களைப் போலச் சொந்தக் காலில எழும்பினவைக்குத்தான் இதுகள் விளங்கும். அக்கா, அண்ணையின்ர கணக்கில எழுதுங்கோ." எழுதவேண்டாம் என்று சொல்ல எந்த மனிதனுக்கு மனம் வரும்?

போன செவ்வாய் கமலாட்சி கணக்குக் கொப்பியோடு வந்து நின்றார்.

"அண்ணை, காஸ் முடியப்போகுது. சிலிண்டர் வாங்கக் கையில காசில்லை. நாளைக்குக் கடை பூட்டுத்தான்."

நான் ஜனகனைப் பார்த்தேன்.

"இது உடன தீர்க்கிற அலுவல் இல்லை. இரண்டு தரப்பும் ஆறுதலாய் இருந்து கதைக்கவேணும்," என்றார்.

"இரண்டு தரப்பும் இஞ்சதான் இருந்து தின்னுது," என்றார் கமலாட்சி.

எனக்குச் சூடேறிவிட்டது. "தம்பி, மீன் ஏன் குறைஞ்சதெண்டு உனக்கென்ன தெரியும்? நான் சொல்லுறன் கேள்." குஞ்சு மீனையும் விடாமல் வாருகிற இழுவைமடி, எங்கள் ஆட்களே களவாய்ப் போடுகிற தங்கூசி நைலோன் வலை, எல்லாவற்றுக்கும் மேலே ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கிற பெரிய நாடுகள்! முப்பது வருடம் மீன் ஏற்றினவன் சொன்னால் சும்மாவா? கடையே வாய் பிளந்து கேட்டது. நிமிர்ந்து பார்க்கிறேன்: மேசை முழுக்கத் தண்ணீர். என் கையில் பாதிச் சீனா. மற்றப் பாதி வாயில்.

கமலாட்சி பழந்துணியால் கடலைத் துடைத்தார். "அண்ணை, இப்ப தின்னினதை ஆரின்ர கணக்கில எழுத?"

வாசித்துச் சிரிக்கிறீர்கள், நல்லது. நீங்கள் கடைசியாக உலகத்தை விளக்கியபோது முன்னால் இருந்த வடைக்குக் காசு கொடுத்தது யார்?

நான் மடியை அவிழ்த்தேன். கமலாட்சி கையை விரித்துப் பிடித்தார். பழங்கடன் முழுவதையும் நோட்டு நோட்டாக எண்ணி வைத்தேன். விரித்த கை மடங்கவில்லை. சீனாவுக்கும் எண்ணி வைத்தேன்.