சந்தனம் மணத்த ஜீப்

எனக்குச் சரியாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு சரி. வரி கோணலாகப் போகும், பாதி மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். பேச்சும் அப்படித்தான், நாலு பேர் இருந்தால் வாயே திறக்காது. அந்தக் கூச்சம்தான் ஒரு கல்யாண ஜீப்பை நடுமலையில் நிறுத்தியது.

எங்களிடம் பழைய ஜீப் ஒன்று இருந்தது. என் நாத்தனார் செல்வியின் கல்யாணத்துக்கு அதில்தான் போவது என்று, வீட்டுக்காரர் எஞ்சினைக் கழற்றி, வால்வுகளையும் ஸ்பிரிங்குகளையும் சாக்கின் மேல் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். கதவு வழியாகப் பனி வந்து அவற்றின் மேல் படுத்திருந்தது. மழைக்கு முளைத்த காளான்கள் போலவே இருந்தன வால்வுகள். பார்த்துக்கொண்டே நின்றேன். (அடுப்பில் பால் பொங்கிப் போனது தனிக் கதை.)

அன்று ஆயுத பூஜை. தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்திக்கும் அரிவாளுக்கும் பொட்டு வைத்துவிட்டு, இதுகளை மட்டும் எப்படி விடுவது? சோப்புப் போட்டுக் கழுவி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். பூஜை முடிந்ததும் துடைத்து, பெரியது ஒன்று, சிறியது ஒன்று என்று முன்பு இருந்தபடியே அடுக்கினேன். எந்தப் பெரியது எந்த இடத்தில் இருந்தது என்று கேட்டிருக்கலாம். அவர் வாசலில் நாலு பேரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் போய்க் கேட்பேனா?

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாட்டி முடித்தார். மறுநாள், கட்டபெட்டு தாண்டி ஓர் ஏற்றத்தில் ஜீப் இளைத்தது, இருமியது, நின்றே விட்டது. கோத்தகிரியில் முகூர்த்தம், பட்டுச் சேலையோடு பெண் நடுரோட்டில்.

"அண்ணி, என்ன இது, கோயிலுக்குள்ள நிக்கிற மாதிரி மணக்குது?" என்றாள் செல்வி.

வீட்டுக்காரர் பானட்டைத் தூக்கினார். ஸ்பிரிங் சுருளுக்குள் ஒளிந்திருந்த சந்தனம், சூடான ஆயிலோடு சேர்ந்து பனியில் மிதந்து வந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் தேயிலைச் செடியைப் பார்த்தேன்.

"ஏ புள்ள, வால்வ கழுவுனியா?"

தலையாட்டினேன்.

"ஒவ்வொண்ணையும் அததோட குழியில வச்சு உரசி உரசி உக்கார வச்சிருந்தேன். ஒண்ணு காத்த உள்ள விடும், ஒண்ணு பொகைய வெளிய விடும். தொறந்தத திரும்பக் கொண்டுபோய் மூடுறது ஸ்பிரிங்கு. ஆனா எடம் மாறுனா பொருந்துமா? மூச்சு ஒழுகிருச்சு!"

மூச்சு ஒழுகும் என்பது எனக்கு என்னவோ அழகாகப் பட்டது. மலையே அப்படித்தான் பனியை மெல்ல இழுத்து மெல்ல விட்டுக்கொண்டிருந்தது. அந்த மூச்சுக்குள்ளிருந்து மஞ்சள் வெளிச்சம் இரண்டு வந்தன. கோத்தகிரி பஸ்!

எல்லோருடைய தலையும் பானட்டுக்குள். பஸ் எங்களைத் தாண்டிப் போகப் பார்த்தது. எனக்கு என்ன வந்ததோ, ரோட்டின் நடுவே ஓடிப்போய், "நிறுத்துங்க! பொண்ணு இங்க இருக்கு!" என்று கத்தினேன். தேயிலைக்குள் இருந்த குருவியெல்லாம் பறந்தது.

"கல்யாணப் பொண்ணு ஏறுதுங்க, எந்திரிங்க!" என்று கண்டக்டர் இடம் பிடித்துக் கொடுத்தார். தாலி கட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

இன்றைக்கும் விருந்தாளிகள் நடுவே நான் தெரியாமல் இரண்டு வார்த்தை பேசிவிட்டால், "அண்ணே, அண்ணி வாய்க்கு ஸ்பிரிங் விட்டுப்போச்சு!" என்று செல்வி கூவுவாள். ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணம் இப்போது வீட்டுக்காரர் கையில்தான்.

காற்றை உள்ளே விடுவது பெரிய வால்வுதானா, சிறியதா? விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். வீட்டுக்காரரிடமே கேட்கலாம். வாசலில் நாலு பேரோடு இருக்கிறார்.