திருடனுக்கு வைத்த போன்

“இத நீட்டினீங்கன்னா திருடன் உங்க கன்னத்துல ஒண்ணு விடுவான்” என்றாள் இவோனி.

அடெமார் கையிலிருந்த பழைய போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூலையில் விரிசல், முதுகில் ரப்பர் பேண்ட். ஒரு திருடனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று அவருக்குப் புரியவில்லை.

சாவ் பாவ்லோவில் நல்ல போன் வாங்குகிற யாரும் அதோடு நிறுத்துவதில்லை. நல்லதை இடுப்பில் செருகிக்கொண்டு, வழிமறிப்பவன் கையில் கொடுப்பதற்கென்று ஓர் ஓட்டைப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள். அடெமாரும் அதைத்தான் செய்திருந்தார்.

அந்த நல்ல போனுக்காக அவர் பட்ட பாடு, பெண்ணுக்கு வரன் தேடுகிறவன்கூடப் பட்டிருக்க மாட்டான். பேட்டரி நிற்க வேண்டும். வெயிலில் எழுத்து தெரிய வேண்டும். விழுந்தால் உடையக்கூடாது. எதிர்முனையில் பேசுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்க வேண்டும். கடை கடையாக ஏறி இறங்கி, எல்லாப் பொருத்தமும் அமைந்த ஒன்றை வாங்கியும் விட்டார். எதிர்முனையில் பேசத்தான் ஆள் இல்லை. மனைவி பிரிந்துபோய் வேறு கல்யாணமும் செய்துகொண்டாள். வடக்கே இருக்கிற அண்ணனோடு, அம்மா இறந்ததிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

“எதுக்கு அறையணும்? அதான் கேட்டத குடுத்துட்டேனே!”

“லாக்க எடுக்கச் சொல்லித் தொறந்து பாப்பான். உள்ள ஒரு மெசேஜ் இல்ல, ஒரு போட்டோ இல்லன்னா, இது தனக்குன்னு வெச்ச போனுன்னு தெரிஞ்சுடாதா? என் தங்கச்சி வீட்டுக்காரருக்குப் பல்லே ஆடிப்போச்சு.”

பதிவு அலுவலகத்தில் அடெமார் முத்திரை குத்துகிறவர். இவோனி அடுத்த மேசை. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மறுநாள் காப்பி நேரத்தில் அவர் நல்ல போனிலிருந்து ஓட்டைப் போனுக்கு ‘வணக்கம், சௌக்கியமா?’ என்று அனுப்பினார். ஓட்டைப் போன் ‘சௌக்கியம், நீங்க?’ என்றது. ‘ஏதோ இருக்கேன்’ என்றது நல்ல போன். முன் கவுண்டர் ஜில்சன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டான்.

“அண்ணே, ரெண்டு பக்கமும் நீங்களேவா? இதப் படிச்சா திருடன் அடிக்க மாட்டான், உக்காந்து அழுவான்!”

அடெமார் இரண்டு போனிலும் அதை அழித்துவிட்டார். ஆனாலும் விஷயம் அலுவலகம் முழுக்கப் பரவியது. பாவம் மனுஷன் பல்லாவது மிஞ்சட்டும் என்று ஆளாளுக்கு அந்த ஓட்டைப் போனுக்குச் செய்தி அனுப்ப ஆரம்பித்தார்கள். காலையில் ரோஜாப்பூ போட்ட வணக்கம். கால்பந்தில் அவர் அணி தோற்றால் கழுதைப் படம். புதன்கிழமை கறுப்புப் பயறும் பன்றிக்கறியும் சாப்பிடப் போகிறவர்கள், “திருடனையும் கூட்டிட்டு வாங்கண்ணே” என்றார்கள். இவோனி சாயங்காலமானால் குரலையே பதிந்து அனுப்பிக் கேட்பாள்: “பஸ் கெடச்சுதா? உக்கார எடம் இருந்துதா?”

பதில் போடாவிட்டால் திருடன் நம்ப மாட்டானே என்று இவரும் பதில் போட்டார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. கிழட்டு பேட்டரி மத்தியானத்திலேயே செத்தது. சார்ஜர் தூக்கிக்கொண்டு அலைந்தார். விரிசலில் விரல் கிழிந்ததால் மேலே கண்ணாடி ஒட்டினார், உறை வாங்கினார், நினைவகம் நிரம்பியதென்று கார்டு போட்டார். திருடன் கொண்டுபோக வேண்டிய போனுக்கு ஜோடனை கூடிக்கொண்டே போனது.

நல்ல போனுக்குச் சார்ஜ் குறையவே இல்லை. கட்டிலுக்கடியில் விழுந்த பழைய சார்ஜரைத் தேட அதன் விளக்கு உதவியது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் இவோனியின் குரல் வந்தது. “அடெமார், ஞாயித்துக்கெழம மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வாங்க. கோழி வறுக்கறேன். நானும் தனியாத்தானே சாப்பிடறேன்.” பின்னாலேயே விலாசமும் வந்தது.

அடெமார் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டார். தன்னைக் கூப்பிடுகிறாளா, திருடனுக்காகக் கூப்பிடுகிறாளா? அவளிடமே கேட்கலாம். திருடனுக்காகத்தான் என்று சிரித்துவிட்டால் திங்கட்கிழமை எந்த முகத்தோடு பக்கத்து மேசையில் உட்காருவது? பதில் எழுதாமல், அதே பழைய போனில் ஜில்சனைக் கூப்பிட்டுப் பட்டும் படாமலும் விசாரித்தார்.

“இந்த இவோனி நல்லா நடிக்கிறாங்க, இல்ல?”

“அவங்கள அடிச்சுக்க ஆளே இல்லண்ணே! போன வாரம் என் எதிர்லயே உங்க போனுக்கு ‘காய்ச்சல் எப்படி இருக்கு, கஞ்சி குடிச்சீங்களா’ன்னு என்னமா உருகினாங்க!”

போன வாரம் அவருக்கு நிஜமாகவே காய்ச்சல்.

ஞாயிறு மத்தியானம் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையில், கையில் பேக்கரி கேக்கோடு பஸ் நிறுத்தத்தில் நின்றார். ஒரு பஸ் வந்தது; ஏறவில்லை. அடுத்ததும் போனது. இன்னொரு தரம் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று பழைய போனைக் காதில் வைத்தார். ‘நானும் தனியாத்தானே சாப்பிடறேன்’ என்கிற இடத்தில் குரல் கொஞ்சம் இறங்குகிறதே, அது நடிப்பா?

மோட்டார் சைக்கிள் ஒன்று உரசிக்கொண்டு நின்றது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. “பெரிசு, போன எடு!”

இத்தனை நாள் ஒத்திகை பார்த்ததெல்லாம் இதற்குத்தானே! ஆனால் அடெமாரின் வலது கை தானாக இடுப்புக்குப் போய், எல்லாப் பொருத்தமும் அமைந்த அந்தப் புதுப் போனை உருவி நீட்டியது. இடது கை பழையதை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டது. கேக் காலடியில் கிடந்தது.

“லாக்க எடு.”

எடுத்துக் கொடுத்தார். திருடன் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். போட்டோ இல்லை. யாரும் கூப்பிட்டதாக இல்லை. கம்பெனிக்காரன் அனுப்பிய சலுகை அறிவிப்பு மட்டும் இருந்தது. அவன் ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கி, அடெமாரை ஏற இறங்கப் பார்த்தான்.

“யோவ், யாருகிட்ட வேலைய காட்டுற? ஒரு மனுஷன்கூட இல்லாத போன திருடனுக்குன்னு வாங்கி வெச்சு என் தலையில கட்டப் பாக்கறியா? நெஞ்சோட புடிச்சிருக்கியே உன் நிஜ போனு, அத எடு!”