நான்கு எட்டு தூரத்துப் பிரிட்ஜ்

என் தங்கை பெற்ற தங்கமும், நம் குடும்பத்தில் எனக்கு அடுத்தபடியாக மூளை உள்ளவனுமான மருமகனுக்குத் தாய்மாமன் ஆசியோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அத்தை, பிரிட்ஜ் மூவரும் நலம். நீயும் உன் மனைவியும் நலமாகவே இருப்பீர்கள். இல்லாவிட்டாலும் இதை முழுதாகப் படித்துவிட்டு மற்றதைப் பார்.

புது வீட்டுக்குப் பிரிட்ஜ் வாங்கப் போவதாகவும், சாதாரணப் பெட்டியே போதும் என்று உன் மனைவி சொல்வதாகவும், நீயோ கூடுதலாகக் கொடுத்து என் வீட்டில் இருப்பதுபோல் போனோடு பேசும் பெட்டிக்கு ஆசைப்படுவதாகவும், இந்த வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டிருக்கிறாய். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் அதில் நஷ்டம் பள்ளிக்கூடத்துக்கு. அந்தப் பெட்டி வாங்க நான் கடைக்குள் கால் வைத்ததுமே மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார். அவர் சாப்பிடப் போக எழுந்தார் என்று உன் அத்தை சொல்வாள், நம்பாதே. நான் கேட்ட கேள்விகளில் மனிதருக்கு வியர்த்துக் கொட்டி ஏசியைக் கூட்டி வைத்தார்கள். விவரம் தெரிந்தவர்களுக்கென்றே செய்த மாடல் என்று சொல்லி, சாதாரணப் பெட்டியைவிட ஒன்றரை மடங்கு விலை வாங்கிக்கொண்டார். எதற்கு? கதவு திறந்திருந்தால் போனில் சொல்லுமாம். உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் குளிரைக் கூட்டலாம், குறைக்கலாம், கதவைப் பூட்டலாம். நான் போகிற ஒரே மூலை என் நாற்காலி இருக்கிற மூலை. அங்கிருந்து பிரிட்ஜுக்கு நான்கே எட்டு. அந்த நான்கு எட்டை மிச்சம் பிடிக்கத்தான் இத்தனையும்.

பெட்டியை வைத்துக்கொடுக்க வந்த மெக்கானிக், என்னைவிடப் பத்து வயது சின்னவர், என் போன் நம்பரைக் கேட்டார். கண்டவனிடம் நம்பரைக் கொடுத்து ஏமாறுகிற ஆளா உன் மாமன்? உங்கள் நம்பரையே போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். எல்லாவற்றையும் நாங்களே செய்து தருகிறோம் என்று தனியாக ஒரு கட்டணம் வாங்கினீர்களே, அந்த எல்லாவற்றில் இதுவும் சேர்த்தி என்று மடக்கிவிட்டேன். அன்று முதல் என் பிரிட்ஜ் பேசுவதெல்லாம் ஊரின் மறுகோடியில் அவர் சட்டைப்பையில் கேட்கும். அவர் வேலையை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டு, கதவு திறந்திருக்குங்க சார் என்பார். நான் நான்கு எட்டு வைத்துப் போய்ச் சாத்துவேன். ராஜாக்களுக்குக்கூட இப்படி ஒரு சேவகன் வாய்த்திருக்க மாட்டான் என்று எனக்கு ஒரே பூரிப்பு.

எனக்குச் சர்க்கரை கொஞ்சம் அதிகம் என்பது உனக்குத் தெரிந்ததுதான். இவ்வளவு சர்க்கரையை வைத்துக்கொண்டு இவ்வளவு கம்பீரமாக நடப்பவரைப் பார்த்ததில்லை என்று டாக்டரே வியந்தார். இனிப்பை நிறுத்தச் சொன்னார், நிறுத்திவிட்டேன். ஆனால் இத்தனை விலை கொடுத்த பெட்டி சரியாகக் குளிர்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டாமா? அதனால் மத்தியானம் உன் அத்தை கண் அசரும் நேரத்தில், பேரப்பிள்ளைகளுக்கு என்று அவள் வாங்கி வைத்த ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து சின்னதாக ஒரு பரிசோதனை. ஒருநாள் என் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடக்க, மெக்கானிக் உன் அத்தையைக் கூப்பிட்டிருக்கிறார். "அம்மா, தினமும் ரெண்டரை மணிக்கு உங்க பிரிட்ஜ் கதவு ஆறு நிமிஷம் திறந்தே கெடக்கு. மெஷின் என்னத்துக்கு ஆகும்?"

அத்தை வந்து என் பின்னால் நின்றாள்.

"என்ன பண்றீங்க?"

"குளிர் சரியா வருதான்னு பாத்தேன்."

"கரண்டியாலயா?"

நானும் விடவில்லை, விஞ்ஞானத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். அவள் கேட்டுக்கொண்டே மெக்கானிக்குக்குப் போன் போட்டு, தினமும் இரண்டிலிருந்து நான்கு வரை கதவைப் பூட்டச் சொல்லிவிட்டாள். என் வீட்டில், என் காசில் வாங்கிய பெட்டி. மறுநாள் நானே அவரைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னேன். "சார், அம்மா ஒரு வார்த்தை சொன்னா திறந்துடறேன்," என்றார். அதற்கு அடுத்த நாள் இரண்டு மணிக்குப் பூட்டியவரின் போன், யார் வீட்டிலோ தண்ணீர் வாளிக்குள் விழுந்துவிட்டது. அது பிழைத்து எழ இரண்டு நாள். பாலும் காய்கறியும் உள்ளே, நாங்கள் வெளியே. நான்கு எட்டை மிச்சம் பிடித்தவன், வேளைக்கு நானூறு எட்டு நடந்து கடையில் பால் வாங்கினேன். அந்த நடையில் சர்க்கரை இறங்கியதாக டாக்டர் சொல்கிறார். என் மன உறுதியால் இறங்கியது என்பதே உண்மை.

ஆகவே மருமகனே, உன் மனைவி சொல்வதுதான் சரி. சாதாரணப் பெட்டியை வாங்கு. கையால் திற, கையால் சாத்து. கூடுதல் காசு கொடுத்துக் கைதியாவதற்குக் குறைந்தபட்சம் ஒரு குற்றமாவது செய்திருக்க வேண்டும். நீங்கள் இருவரும் எல்லாச் செல்வமும் பெற்று, என் பேச்சைக் கேட்டு, நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் நலத்தையே நினைக்கும் மாமன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதெல்லாம் வீண். பூட்டு விஷயத்தை உன் அத்தை போனில் சொல்லச் சொல்ல, சாதாரணமே போதும் என்றிருந்த உன் மனைவி நேற்றே கடைக்குப் போய் அதே மாடலுக்கு முன்பணம் கட்டிவிட்டாளாம். உனக்கும் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறதாமே, என்னிடம் மூச்சு விடவில்லையே நீ? பெட்டியோடு சேர்க்கும் போன் நம்பராக உன் அத்தையின் நம்பரையே கொடுத்திருக்கிறாள் உன் மனைவி. பெட்டி வியாழக்கிழமை வருகிறது. புதன் வரைக்கும் சாப்பிடு.