மோட்டார் இன்னும் இறக்கவில்லை

ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி வர இன்னும் பத்தொன்பது மணி நேரம். அதற்குள் கம்பைநல்லூர்ப் பக்கம் காசியம்மாளின் கொல்லையில் நூறு பேர் கூடிவிட்டார்கள்.

நீரோட்டம் பார்க்கக் 'கங்கை' மாரப்பன் வந்திருந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடப்பார். அடியில் தண்ணீர் இருந்தால் தேங்காய் எழுந்து நிற்கும். அவர் காரில் ஒரு பேனர்: தண்ணீர் பீய்ச்சி அடித்த அறுபத்து மூன்று போர்கள், படத்துடன். தோல்விக்குப் பேனர் அடிக்கும் வழக்கம் எந்த அச்சகத்திலும் இல்லை.

அவரை அழைத்துவந்தவள் பக்கத்துக் கொல்லைக் குள்ளம்மாள். போர் போடும் செலவுக்குக் காசியம்மாள் இரண்டு கறவை மாடுகளையும் விற்கிறாள். அந்தப் பால்தான் வீட்டுக்குச் சோறு. வியாபாரி டெம்போவோடு காத்திருந்தார்.

வேப்பமரத்தடியில் தேங்காய் நின்றது. விசில் பறந்தது.

காசியம்மாளின் மகள் கலைமதி இயற்பியல் படித்தவள், கூட்டத்தில் பேசிப் பழகாதவள். அந்த இடத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டாள்.

"கண்ணக் கட்டிக்கிட்டு இன்னொரு வாட்டி நடங்கண்ணா."

"எதுக்கும்மா?"

"தண்ணி அங்கயேதானுங்களே இருக்கும்? ஓடியா போயிரும்?"

"நடங்க சாமி, புள்ளைக்குக் காட்டுங்க!" என்றது கூட்டம். பக்தர்களே கேட்டால் எப்படி மறுப்பது?

கண்ணைக் கட்டி, மூன்று சுற்றுச் சுற்றிவிட்டார்கள். சுண்ணாம்பு வட்டத்தை இரண்டு முறை மிதித்துக்கொண்டு போனார். தேங்காய் நல்ல தூக்கத்தில் இருந்தது. கடைசியில் எழுந்தது, தார் ரோட்டின் மேல்.

"அடேயப்பா!" என்றார் மாரப்பன் சொல்லிப் போர் போட்டிருந்த சின்னன். "ரோட்டுக்கடியில எம்மாந் தண்ணி பாரு!"

கூட்டம் கைதட்டியது. நம்புவதென்று முடிவெடுத்துவிட்டவர்களுக்கு எதிர்ச்சாட்சியும் சாட்சிதான்.

மாரப்பன் கட்டை அவிழ்த்தார். "கண்ணக் கட்டுனா கங்கை கோவிச்சுக்குவா. நான் சொன்ன எடத்துல ஒரு போர் பெயில் ஆனதில்ல. ஆச்சுன்னு யாராச்சும் சொல்லட்டும்."

யாரும் சொல்லவில்லை. சொன்னால் அக்கம்பக்கத்துத் தண்ணீரும் வற்றிவிடும் என்று அவரே எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

முதல் மாட்டை டெம்போவில் ஏற்றினார்கள். அது கத்தியது.

கலைமதி கேள்வியை மாற்றினாள். "சரிங்க. இவரு பாத்த போர்ல, இன்னும் மோட்டார் எறக்காதவங்க மட்டும் கை தூக்குங்க."

இதில் என்ன தப்பு? 'மோட்டார் இன்னும் எறக்கலைங்க' என்பதுதானே, போரில் தண்ணீர் வந்ததா என்று கேட்பவர்களுக்கெல்லாம் அவர்கள் சொல்லும் பதில்? தன்னுடையது மட்டும்தான் என்ற நினைப்பில் ஒவ்வொருவரும் கையைத் தூக்கினார். பிறகு திரும்பிப் பார்த்தார்கள். நாற்பத்தொரு கைகள்.

"மோட்டார் ஓடுறவங்க?"

ஆறு.

"கரண்ட்டு கனெக்சன் வரலைங்க..." என்று சின்னன் முனகினார். மாரப்பன் கார் சாவியைத் தேடினார்.

குள்ளம்மாளின் கையும் மேலே இருந்தது.

"யக்கா, உங்களுது போட்டு ரெண்டு வருசமாச்சே?" என்றாள் காசியம்மாள்.

குள்ளம்மாள் கையை இறக்கவில்லை.

"மாட்ட எறக்குடி காசி. என் வூட்டு ராசிதான் சரியில்லன்னு நெனச்சு மறைச்சேன். ஆளாளுக்கு வாய மூடிக்கிட்டா எவன் எண்ணிப் பாப்பான்? தொள்ளாயிரம் அடி போட்டோம். ஒரு சொட்டுத் தண்ணியில்ல, வெறும் புகைதான்டி வந்துது."