பாம்பு விழுங்கின மூன்று ஆடுகள்

"மூக்கன் அண்ணன், மூண்டும் ஒரே நாளிலயா போனது?"

தேத்தண்ணிக் கடை நவ்பர் நானா கோப்பையை மேசையில் வைத்த விதம் செத்த வீட்டில் வைக்கிறது மாதிரி இருந்தது. சத்தமே இல்லை. சீனியும் வழமையை விடக் கூட.

"எது போனது?" என்றான் மூக்கன்.

"எனக்கிட்ட மறைக்க வேணாம். ஊரே கதைக்குது. உங்கட ஆட்டை மலைப்பாம்பு விழுங்கிட்டுதாம். இண்டைக்குத் தேத்தண்ணிக்குக் காசு தரவேணாம்."

மூக்கனிடம் ஐந்து ஆடு. காலையில் வேலைக்கு வெளிக்கிடும்போது அதில் ஒன்று அவன் தோளில் போடுகிற துவாயின் கரையைத் தின்றுகொண்டு நின்றது. பாம்பு வயிற்றுக்குள் கிடக்கிற ஆடு துவாய் தின்னாது. ஆனாலும் ஓசித் தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத்தான் கேட்டான்.

"ஒரு பாம்பு எப்பிடி நானா மூண்டு ஆட்டை விழுங்கும்?"

"அதைத்தான் நானும் கேட்டனான். மூண்டு பாம்பாம். ஆளுக்கு ஒண்டு."

அப்போதும் மூக்கனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. நானா அடுத்துச் சொன்னதில்தான் சிரிப்பு நின்றது.

"மாடு குடுக்கிற நிரஞ்சன் தம்பியும் இதில இருந்து கேட்டுக்கொண்டிருந்தவர். 'ஆட்டைப் பாம்புக்குக் குடுத்த மனிசன், மாட்டை முதலைக்கோ குடுக்கப் போறார்?' எண்டார்."

மூக்கன் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினான்.

ஒரு நிறுவனம் பூவரசங்குளத்தில் ஏழைப்பட்ட குடும்பங்களுக்குக் கறவை மாடு கொடுக்க வந்திருந்தது. அவர்களுக்கு ஒரு சட்டம். ஆடே இல்லாதவனுக்கு மாடு பார்க்கத் தெரியாது, அவனுக்கு இல்லை. கனக்க ஆடு உள்ளவனுக்கு மாடு தேவையில்லை, அவனுக்கும் இல்லை. ஐந்து ஆட்டோடு மூக்கன் இரண்டுக்கும் நடுவில் லட்சணமாக நின்றான். கடைசி மாடு ஒன்றுதான் மிச்சம். அது அவனுக்கா, குளத்தடிச் செந்தூரனுக்கா என்று நிரஞ்சன் தம்பி வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

மாடு வந்தால் சீமெந்துச் சட்டியை இறக்கி வைக்கலாம். வீடு கட்டுகிற இடமெல்லாம் சீமெந்து குழைத்துக் குழைத்து மூக்கனின் முதுகு வளைந்த கம்பி மாதிரி ஆகியிருந்தது. மாட்டுக்குப் பெயர்கூட வைத்துவிட்டான். லட்சுமி.

சைக்கிளை மிதித்து வீட்டுக்கு ஓடினான். மனைவி வடிவம்மா தலையில் ஆட்டுக்கு வெட்டிய குழைக்கட்டோடு அப்போதுதான் படலைக்குள் நுழைந்துகொண்டிருந்தாள். ஐந்து ஆடும் அவளுக்குப் பின்னால் வரிசையாக வந்தன.

"அஞ்சும் நிக்குது!" என்று கத்தினான் மூக்கன்.

"நிக்காமல்? நான்தானே குழை போடுறன்."

"மூண்டைப் பாம்பு விழுங்கிட்டுதாமடி!"

வடிவம்மா குழைக்கட்டைத் தொம்மென்று போட்டாள். "அது எங்கட பிள்ளை அனோஜான்ர வகுப்பில ரீச்சர் போட்ட கணக்கு. மூக்கனிடம் ஐந்து ஆடு, மூன்றைப் பாம்பு விழுங்கியது, மீதி எத்தனை? பிள்ளையள் கேள்வியை ஊருக்குள்ள கொண்டு வந்திட்டுதுகள். விடையைப் பள்ளிக்கூடத்தில விட்டிட்டு வந்திட்டுதுகள்."

"இப்ப என்ன செய்யிறது?"

"ரீச்சரிட்டப் போய் ஆட்டைத் திருப்பிக் கேளுங்கோ."

அடுத்த நாள் மூக்கன் பள்ளிக்கூடம் போனபோது வகுப்பறையில் ஒருவரும் இல்லை. எல்லாரும் வேப்பமரத்தடியில் ஒரு சிலந்தி வலையைச் சுற்றிக் குந்திக்கொண்டிருந்தார்கள். சுமித்திரா ரீச்சர் ஈர்க்குக் குச்சியால் வலையின் கோணங்களைக் காட்டிக்கொண்டிருந்தா. பக்கத்தில் ஒரு கூட்டம் பப்பாசி இலையை நடுவால் மடித்து இரண்டு பக்கமும் ஒன்றா என்று பார்த்தது. சிலந்தி மட்டும் கணக்கில் விருப்பமில்லாமல் ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தது.

"ரீச்சர், என்ர ஆட்டைத் தாங்கோ" என்றான் மூக்கன்.

விசயத்தைக் கேட்டதும் ரீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. 'ஐந்திலிருந்து மூன்றைக் கழி' எண்டால் இதுகளுக்கு நித்திரை வரும். அதுதான் வீட்டிலயிருந்து கதை கொண்டுவரச் சொன்னனான். அந்தக் கதையைத்தான் கணக்காப் போடுறன்."

"பாம்புக் கதை ஆர் கொண்டுவந்தது?"

"அதை மட்டும் கேக்காதேங்கோ. சொன்னால் பிறகு ஒரு பிள்ளையும் வாய் திறக்காது."

"மூண்டு பாம்பு எதுக்கு ரீச்சர்?"

"கதையில ஒண்டுதான். பின்வரிசை வாங்கில ஒருத்தன் எழும்பி, ஒரு ஆட்டை விழுங்கின பாம்பு மாதக்கணக்கில அசையாது எண்டான். அவன் சொல்லுறதும் சரிதானே. மூண்டாக்கிப் போட்டன்."

மூக்கன் செந்தூரனை நினைத்துப் பல்லைக் கடித்தான். செந்தூரனின் மகனும் இதே வகுப்புத்தான்.

"சரி ரீச்சர். இனி ஆட்டைத் திருப்பி வரப்பண்ணுங்கோ."

"நாளைக்குக் கூட்டல்தான். பிள்ளையிட்டக் கதை சொல்லி விடுங்கோ, போடுறன்."

வீட்டுக்கு வந்து மூக்கன் கதிரையில் சாய்ந்தபடி சொன்னான். "ஆடு மூண்டும் திரும்பி வந்திட்டுது எண்டு அனோஜாட்டச் சொல்லி விடு. வேற ஒண்டும் வேண்டாம்."

"சொல்லி விடுறன்" என்றாள் வடிவம்மா, ஆட்டுக்குத் தண்ணி வாளியைத் தூக்கிக்கொண்டு. "மாடு எண்டால் எவ்வளவு புல்லுத் தின்னும்?"

"அது தன்பாட்டில மேயும்."

இரண்டு நாள் போனது. நவ்பர் நானா இந்த முறை தேத்தண்ணியைச் சத்தமாக வைத்தார். சீனி மட்டு.

"பதினொரு ஆடு வைச்சிருக்கிற பெரிய மனிசன், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எனக்கொரு கிடாய் தரமாட்டீங்களோ?"

"பதினொண்டா?"

"போன மூண்டும் ஆளுக்கு ரெண்டு குட்டியோட வந்திட்டுதாமே? ரெண்டும் மூண்டும் அஞ்சு, குட்டி ஆறு. அந்த வகுப்பில படிக்கிற எங்கட சின்னவள் றிஸ்பா விரல் மடிச்சுக் காட்டினவள்."

"நானா, பாம்பு விழுங்கின ஆடு குட்டியோட திரும்பி வருமே?"

"வராதுதானே! அப்ப பாம்பு எண்டது பொய். நீங்க ஆட்டை எங்கேயோ ஒளிச்சு வைச்சிருந்திருக்கிறீங்க. அதைத்தான் நிரஞ்சன் தம்பியும் சொன்னார். 'பதினொரு ஆட்டுக்காரருக்கு மாடு என்னத்துக்கு?' எண்டார்."

மூக்கன் அன்றைக்குச் சீமெந்து குழைக்கும்போது தண்ணிக்குப் பதிலாகச் சுண்ணாம்புக் கரைசலை ஊற்றினான். மேசன் அவனுடைய பரம்பரையையே இழுத்துத் திட்டினான்.

வீட்டில் வந்து வடிவம்மாவிடம் பாய்ந்தான். "மூண்டு வந்தது எண்டுதானே சொன்னனான்! குட்டி எங்கால வந்தது?"

"ரீச்சர்மாரைத் தெரியாதே. ஒண்டைச் சொன்னால் ரெண்டாக்குவினம்."

"இந்த ஆறு குட்டியையும் எப்பிடியாவது துலைக்க வேணும்."

"அடுத்தது பிரித்தல் கணக்காம்" என்றாள் வடிவம்மா, அடுப்பை ஊதிக்கொண்டு.

மூக்கனுக்கு மூளை மின்னியது. "பிரிச்சுக் குடுத்திட்டன் எண்டு சொல்லி விடு! இனசனத்துக்குக் குடுத்திட்டன், என்னட்ட அஞ்சுதான் மிச்சம்."

பிரித்தல் கணக்கு நன்றாகத்தான் நடந்ததாம். ஆறு பிள்ளைகள் ஆட்டுக்குட்டி மாதிரி நாலு காலில் தவழ்ந்து, மூன்று கூட்டமாகப் பிரிந்து, மே மே என்று கத்திக்கொண்டு போனார்களாம். அதிபர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டாராம்.

சனிக்கிழமை காலையில் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். வந்தவன் வினோதன், வடிவம்மாவின் தம்பி. புளியங்குளத்திலிருந்து வருகிறான். கையில் இரண்டு கயிறு.

"அத்தான், என்ர பங்கைக் கொண்டு போக வந்தனான்."

"என்ன பங்கு?"

"மூண்டு மச்சான்மாருக்கும் சமனாப் பிரிச்சனீங்களாம். ஆளுக்கு ரெண்டு. மற்ற ரெண்டு பேரும் பொங்கலுக்கு வந்து அவிழ்ப்பினம்."

"டேய், அது கணக்கடா!"

"கணக்குத்தான். நானும் அதைத்தான் சொல்லுறன். ஆறை மூண்டாப் பிரிச்சால் ரெண்டு."

"அது பள்ளிக்கூடத்துக் கணக்கு!"

"பள்ளிக்கூடத்தில பிழையான கணக்கோ படிப்பிப்பினம்?"

மூக்கன் திரும்பி மனைவியைப் பார்த்தான். "உன்ர தம்பிக்கு நீயாவது சொல்லன்!"

"வந்த பிள்ளையை வெறுங்கையோட அனுப்பலாமே" என்றாள் அவள். "கொண்டு போகட்டும். பிறகு பாப்பம்."

இரண்டு ஆடும் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டு போயின. துவாய் தின்ற ஆடும் அதில் ஒன்று. தூசு அடங்க முன்னம் அதே ஒழுங்கையால் நிரஞ்சன் வந்து இறங்கினான்.

"ஐயா, மாட்டு விசயமாப் பாக்க வந்தனான். உங்கட ஆடு எத்தினை?"

"அஞ்சு தம்பி."

நிரஞ்சன் கொட்டிலை எட்டிப் பார்த்தான். "மூண்டுதானே நிக்குது."

"ரெண்டை இப்பத்தான் மச்சான் கொண்டு போனவன்."

"அதுதான் நானும் வழியில கண்டனான்." அவன் முகத்தில் கோபமில்லை, கவலைதான் இருந்தது. "ஊரில சொன்னவையள் ஐயா. மூக்கன் ஆடுகளைச் சொந்தக்காரரிட்டப் பிரிச்சு ஒளிக்கிறார் எண்டு. நான் நம்பேல்லை. இப்ப என்ர கண்ணாலயே பாத்திட்டன்."

"தம்பி, அது கணக்கு! முதல்ல ஒரு பாம்பு, பிறகு அது மூண்டாப் போச்சு, பிறகு குட்டி..."

மூக்கன் சொல்லச் சொல்ல நிரஞ்சன் ஒவ்வொரு அடியாகப் பின்னுக்குப் போனான். கடைசியில் கைகூப்பினான்.

"நீங்கள் கொஞ்சம் ஓய்வெடுங்கோ ஐயா. மாட்டைச் செந்தூரன் அண்ணைக்குக் குடுப்பம்."

அன்று பின்னேரம் குளத்தடிப் பக்கமிருந்து ஒரு மாடு "அம்மா" என்று கூப்பிட்டது. மூக்கனுக்கு அது லட்சுமியின் குரல் மாதிரியே இருந்தது. முற்றத்துக் கதிரையில் ஆட்டம் கண்ட பல்லு மாதிரி உட்கார்ந்திருந்தான். திங்கட்கிழமை திரும்பவும் அதே சட்டி, அதே சீமெந்து, அதே மேசன்.

குசினிக்குள் அடுப்படியில் வடிவம்மா ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாடி மூக்கன் கேட்டுக் கனகாலம்.

"கவலைப்படாதேங்கோ" என்று உள்ளிருந்தே சொன்னாள். "தம்பியிட்டச் சொல்லிப்போட்டன். ரெண்டு ஆட்டையும் நாளைக்குக் கொண்டுவந்து விடுவான்."

அனோஜா வந்து அவனுடைய கதிரைக் கையில் ஏறி இருந்தாள். "அப்பா, ஒரு விடுகதைக் கணக்குச் சொல்லட்டே? திங்கட்கிழமை வகுப்பில சொல்ல வேணும்."

"ஆடு வருமோ அதில?"

"இல்லை. மாடு."

"சரி, சொல்லு."

அனோஜா கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவித்தாள். "ஒரு வீட்டுக்கு ஒரு மாடு வந்ததாம். அதுக்குப் புல்லு வெட்டுறது அம்மா. தண்ணி அள்ளுறது அம்மா. சாணி அள்ளுறது அம்மா. விடியவெள்ளன எழும்பிப் பால் கறக்கிறதும் அம்மா. அப்பா கதிரையில இருந்து பால் தேத்தண்ணி குடிக்கிறாராம். அப்ப அந்த வீட்டில மொத்தம் எத்தினை மாடு?"

"இதென்ன கேள்வி? ஒண்டு."

"பிழை. ரெண்டு."

குசினிக்குள் பாட்டு நின்றது.

மூக்கன் கதிரையை விட்டு எழும்பிவிட்டான். "பாத்தியே! என்ர மாட்டையும் துலைச்சுப்போட்டு, உந்த ரீச்சர் இப்ப என்னை நக்கலும் அடிக்கிறாவோ?"

"ரீச்சர் பாவம் அப்பா" என்றாள் அனோஜா. "பாம்பில இருந்து எல்லாக் கதையும் அம்மாதானே சொல்லித் தந்தவா."